45,000 அட்டைகளும் ஒரு வரைபடமும்: ஜி.ஐ.எஸ். பாடம்

சாலையில் செல்லும் பெரிய குடிநீர்க் குழாயிலிருந்து உங்கள் வாசல் வரை ஒரு சிறிய இணைப்புக் குழாய் வருகிறது. அது எந்த உலோகத்தால் ஆனது? எந்த ஆண்டு போடப்பட்டது? நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதைக் குறித்து வைத்துக்கொள்வது உள்ளாட்சி அலுவலகத்தின் வேலை. சரி, அந்த அலுவலகத்துக்கே தெரியாவிட்டால்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள பிளின்ட் நகரில் அதுதான் நடந்தது. எந்த வீட்டுக்கு எந்தக் குழாய் என்ற விவரம் அங்கே பொதுப்பணித் துறையின் இழுப்பறைகளில், சுமார் 45,000 சிறிய அட்டைகளில், பெரும்பாலும் பென்சிலால் எழுதிக் கிடந்தது. அவசரம் வந்தபோது அந்த அட்டைகளால் யாருக்கும் உதவ முடியவில்லை. அவற்றை வரைபடமாக மாற்றியது ஜி.ஐ.எஸ். எனப்படும் சாப்ட்வேர் வகை. இன்று உலகெங்கும் மாநகராட்சிகள் சாலை, தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் என எல்லாப் பராமரிப்புக்கும் இதைப் பயன்படுத்துகின்றன. இந்தக் கட்டுரையில் பிளின்டின் கதையை வைத்து இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பிறகு, இதே வேலையைச் செய்யும் ஓர் இலவச சாப்ட்வேரை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இயக்கிப் பார்க்கலாம்.

படம் வேறு, வரைபடம் வேறு:

பெயிண்ட் புரோகிராமில் ஒரு நீலக் கோடு வரைந்து "குடிநீர்க் குழாய்" என்று எழுதி வைக்கிறீர்கள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது நீல நிறப் புள்ளிகளின் வரிசை மட்டுமே. "1950க்கு முன் போட்ட குழாய்களை மட்டும் காட்டு" என்று அதனிடம் கேட்க முடியாது. எக்ஸெல்லில் அதே குழாய்களைப் பட்டியலிட்டால் இந்தக் கேள்விக்கு உடனே விடை கிடைக்கும். ஆனால் "இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவை எவை?" என்று கேட்டால் எக்ஸெல் கையை விரித்துவிடும்.

ஜி.ஐ.எஸ். சாப்ட்வேர் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் டேபிளில் ஒரு வரிசை இருக்கும். விளக்குக் கம்பம் என்றால் ஒரு புள்ளி, குழாய் என்றால் ஒரு கோடு, வார்டு என்றால் ஒரு மூடிய பரப்பு. ஒரே வகைப் பொருட்கள் சேர்ந்து ஒரு லேயர். கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது போலப் பல லேயர்களை அடுக்கி, வேண்டியதைக் காட்டலாம், வேண்டாததை மறைக்கலாம்.

இந்த எண்ணம் புதியதன்று. 1960களில் கனடா அரசின் நில விவரங்களுக்காக ரோஜர் டாம்லின்சன் இதைத் தொடங்கி வைத்தார். கலிபோர்னியாவின் ரெட்லாண்ட்ஸில் 1969இல் தொடங்கிய எஸ்ரி நிறுவனம் பின்னர் இதைப் பெரிய வணிகமாக்கியது.

பராமரிப்பு வேலைக்கு இதில் என்ன லாபம்? ஒருவர் "எங்கள் தெருவில் தண்ணீர் கசிகிறது" என்று புகார் செய்கிறார். பழைய முறையில் அது ஒரு நோட்டில் ஏறும். வேலை முடிந்தால் அடிக்கப்படும். வரைபட முறையில் அந்தப் புகார் ஒரு குறிப்பிட்ட குழாயின் மீது உட்காருகிறது. அதே குழாயில் சென்ற ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் வந்த புகார்கள் கூடவே தெரியும். நான்காவது முறையாக ஒட்டுப் போடுவதா, குழாயையே மாற்றுவதா என்று பொறியாளர் அங்கேயே முடிவு செய்யலாம். சாலையைப் புதிதாகப் போட்ட மறுமாதம் குழாய்க்காகத் தோண்டும் வேடிக்கை நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. இரண்டு லேயர்களையும் ஒரே திரையில் பார்த்தால் அதைத் தவிர்க்க முடியும். பார்க்க வேண்டும், அவ்வளவுதான்!

பிளின்டில் நடந்தது என்ன?:

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1908இல் பிறந்த ஊர் பிளின்ட். 1960 வாக்கில் இரண்டு லட்சத்தை நெருங்கிய மக்கள் தொகை, 2010இல் சுமார் ஒரு லட்சமாகச் சுருங்கியிருந்தது. ஆலைகள் மூடப்பட்டன, நகராட்சியின் வருமானம் விழுந்தது. மாநில அரசு நியமித்த நெருக்கடிக் கால நிர்வாகியின் கையில் நகரம் இருந்தது. செலவைக் குறைக்க, டெட்ராய்டிலிருந்து வாங்கி வந்த குடிநீரை நிறுத்திவிட்டு, 2014 ஏப்ரல் 25இல் பிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள்.

பழைய நகரங்களில் இணைப்புக் குழாய்கள் பல காரீயத்தால் ஆனவை. (நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம்.) காரீயம் வளைக்க எளிது, நீண்ட நாள் உழைக்கும் என்பதால் ஒரு காலத்தில் அதற்கு நல்ல மதிப்பு. பிளம்பர் என்ற சொல்லே காரீயத்தின் லத்தீன் பெயரிலிருந்து வந்ததுதான். பிளின்டில் காரீயக் குழாய்தான் போட வேண்டும் என்று 1897இல் சட்டமே இருந்தது. 1986இல்தான் அமெரிக்கா முழுவதும் புதிய காரீயக் குழாய்களுக்குத் தடை வந்தது.

காரீயம் தண்ணீரில் கரையாமல் இருக்க, சுத்திகரிப்பு நிலையத்தில் பாஸ்பேட் போன்ற பொருளைச் சேர்ப்பார்கள். அது குழாயின் உட்புறத்தில் மெல்லிய பூச்சாகப் படியும். டெட்ராய்ட் தண்ணீரில் அது இருந்தது. பிளின்ட் ஆற்றுத் தண்ணீரில் சேர்க்கவில்லை. அரிக்கும் தன்மை கொண்ட தண்ணீர் பழைய பூச்சைக் கரைத்தது. காரீயம் குடிநீரில் இறங்கியது. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று அதற்குக் கிடையாது.

ஜிப் கோட் மறைத்த உண்மை:

இந்தக் கதையில் வரைபடம் இரண்டு இடங்களில் வருகிறது. முதலாவது, ஆபத்தைக் கண்டுபிடித்த இடம். பாடம் படிப்பவர்களுக்கு மிகவும் பயனுள்ள பகுதி இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

குழந்தைகளின் ரத்தத்தில் காரீய அளவு கூடியதை மாநில சுகாதாரத் துறை முதலில் பருவகால மாற்றம் என்று சொல்லி வந்தது. கோடையில் வழக்கமாக ஏறும், பிறகு இறங்கும் என்பது வாதம். விவரங்கள் நம் பின்கோட் போன்ற ஜிப் கோட் வாரியாகத் தொகுக்கப்பட்டிருந்தன. பிளின்டில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா மருத்துவமனைப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தபோது, ஜிப் கோட் வாரியாகப் பார்த்தால் மாற்றம் மங்கலாகவே தெரிந்தது. அவருக்கு உதவிய புவியியலாளர் ரிக் சாட்லர் காரணத்தைப் பிடித்தார். ஜிப் கோட் எல்லை தபால்காரருக்காகப் போட்டது. குடிநீர் வாரிய எல்லை வேறு. பிளின்ட் என்று முகவரியில் எழுதும் வீடுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பிளின்ட் நகருக்கு வெளியே இருந்தன. அவை அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவே இல்லை!

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு ஜிப் கோட்டில் 300 குழந்தைகள். நகருக்குள் 200 பேர், வெளியே 100 பேர். நகருக்குள் 20 பேருக்கு அளவு கூடியிருக்கிறது. அதாவது 10 சதவிகிதம். வெளியே 2 பேருக்கு, 2 சதவிகிதம். மொத்தமாகப் பார்த்தால் 300க்கு 22, சுமார் 7.3 சதவிகிதம். பாதிக்கப்படாதவர்களின் எண்கள் கலந்து, பாதிப்பைக் குறைத்துக் காட்டிவிட்டன. (இந்த எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை.)

எனவே ஒவ்வொரு குழந்தையின் முகவரியையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்தார்கள். ஜி.ஐ.எஸ்.ஸில் இதற்கு ஜியோகோடிங் என்று பெயர். பிறகு நகர எல்லை லேயருக்குள் விழும் புள்ளிகளை மட்டும் எண்ணினார்கள். 2015 செப்டம்பரில் முடிவு வெளியானது. பின்னர் ஆய்விதழில் வந்த கணக்குப்படி, தண்ணீர் மாற்றத்துக்கு முன் 2.4 சதவிகிதமாக இருந்தது 4.9 ஆகியிருந்தது. தண்ணீரில் காரீயம் மிக அதிகமாக இருந்த பகுதிகளில் 4.0 சதவிகிதம் 10.6 ஆக ஏறியிருந்தது. 2015 அக்டோபரில் நகரம் மீண்டும் டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்பியது.

நம் ஊரிலும் பின்கோட் எல்லையும் வார்டு எல்லையும் ஒன்றல்ல. பின்கோட் வாரியாக வரும் எந்தப் புள்ளிவிவரத்தையும் வார்டுக்குப் பொருத்திப் பேசுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

அட்டையிலிருந்து திரைக்கு:

தண்ணீரை மாற்றியாகிவிட்டது. குழாய்களை மாற்ற வேண்டும். எந்த வீட்டில் காரீயக் குழாய்? இப்போதுதான் அந்த 45,000 அட்டைகள் வெளியே வந்தன. கூடவே 1984இல் தயாரித்த பெரிய காகித வரைபடங்களும் இருந்தன. அவற்றில் வீட்டு வாரியாகக் கையால் குறிப்பு எழுதியிருந்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிளின்ட் வளாக ஜி.ஐ.எஸ். மையம் அந்த வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி 2016இல் முதல் வரைபடத்தைத் தந்தது. 4,000க்கும் மேற்பட்ட வீடுகள் காரீயம் என்று தெரிந்தது. 10,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு எந்த விவரமும் இல்லை என்பதும் தெரிந்தது.

இரண்டாவது எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். "தெரியவில்லை" என்பதை எத்தனை, எங்கே என்று எண்ணிச் சொல்ல முடிந்ததே பெரிய விஷயம். அட்டைப் பெட்டியில் இல்லாத அட்டையை யாராலும் எண்ண முடியாது. வரைபடத்தில் காலியான வீடு பளிச்சென்று தெரியும்.

இன்னொரு சிக்கல், எழுதியவர்களின் கை. சில பதிவுகளில் தாமிரம், காரீயம் என்ற இரண்டு குறிகளும் சேர்த்து எழுதப்பட்டிருந்தன. பாதிக் குழாய் இது, பாதி அதுவா? பழையது இது, மாற்றியது அதுவா? எழுதியவருக்குத் தெரிந்திருக்கும், அவரைத் தேடிப் போக முடியாது. தாமிரம் என்று தெளிவாக எழுதியிருந்த வீடுகள் சிலவற்றிலும் தோண்டியபோது காரீயம் வந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் தவறான தகவல் சரியாகிவிடாது. முன்பு பெட்டிக்குள் இருந்த தவறு இப்போது வண்ணத்தில் தெரியும், அவ்வளவே.

தோண்டிப் பார்ப்பது செலவு பிடிக்கும் வேலை. இங்கே மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜேக்கப் அபர்நெதியும் எரிக் ஷ்வார்ட்ஸும் வந்தார்கள். வீடு கட்டிய ஆண்டு, மதிப்பு, இருக்கும் இடம், பழைய பதிவு ஆகியவற்றையும், ஏற்கெனவே தோண்டிய வீடுகளில் கிடைத்த முடிவையும் சேர்த்து, ஒவ்வொரு வீட்டிலும் காரீயக் குழாய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும் புரோகிராம் எழுதினார்கள். ஒவ்வொரு நாளும் தோண்டியதன் முடிவு உள்ளே போகும், கணிப்பு திருந்தும். 2017இல் தோண்டிய இடங்களில் நூற்றுக்குச் சுமார் 70இல் காரீயம் கிடைத்தது.

2018இல் வேலை புதிய ஒப்பந்ததாரரிடம் போனது. கணிப்புப் பட்டியலை விட்டுவிட்டு, பகுதி பகுதியாக எல்லா வீடுகளையும் தோண்டினார்கள். நூற்றுக்குச் சுமார் 15 இடங்களில்தான் காரீயம் கிடைத்தது. காரீயக் குழாயோடு வாழ்ந்தவர்கள் காத்திருக்க, தாமிரக் குழாய்களைத் தோண்டி மூடிக்கொண்டிருந்தார்கள். இதற்கு ஒரு பக்க நியாயம் உண்டு. பக்கத்து வீட்டைத் தோண்டிவிட்டு, "உங்கள் வீட்டில் இருக்காது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது" என்று சொன்னால், ஒருமுறை ஏமாற்றப்பட்ட ஊரில் யார் நம்புவார்கள்? இருந்தாலும் வரிசையை மாற்றியது தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது. எல்லா வீட்டையும் பார்க்கட்டும்; ஆனால் அதிக ஆபத்துள்ள வீட்டை முதலில் பார்க்கட்டும். 2019இல் நீதிமன்ற வழியான ஒப்பந்தத்தில் கணிப்புப் பட்டியலைப் பின்பற்ற வேண்டும் என்று சேர்க்கப்பட்டது.

2017இல் போட்ட ஒப்பந்தப்படி மூன்று ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது. 2025 ஜூலையில்தான், சுமார் 11,000 காரீயக் குழாய்கள் மாற்றப்பட்டு வேலை முடிந்ததாக மாநில அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது. இதற்கிடையே அமெரிக்கா முழுவதும் குடிநீர் அமைப்புகள் 2024 அக்டோபர் 16க்குள் தங்கள் இணைப்புக் குழாய்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி வந்தது.

நீங்களே செய்து பாருங்கள்:

கியூஜிஐஎஸ் என்ற சாப்ட்வேர் முற்றிலும் இலவசம். 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கியது. இன்று உலகெங்கும் தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். குழாய் மண்ணுக்கடியில் இருப்பதால் நாம் கண்ணுக்குத் தெரியும் தெருவிளக்கை எடுத்துக்கொள்வோம்.

முதலில் தகவல். மாலையில் ஒரு நடை போய் வாருங்கள். ஒவ்வொரு கம்பத்தின் அருகிலும் நின்று, மொபைல் போனில் கூகுள் மேப்ஸ் திறந்து, நிற்கும் இடத்தில் விரலை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எண்கள் கிடைக்கும். முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. திறந்த வெளியிலேயே போனின் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டர் தள்ளிக் காட்டலாம். குறுகலான தெருவில் எதிர்ச்சாரி வீட்டில் புள்ளி விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதனால்தான் கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதையும் குறிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து எக்ஸெல்லில் ஏழு பத்திகள் போடுங்கள்: கம்பம், அட்ச, தீர்க்க, விளக்கு, நிலை, நாள், ஆதாரம். நிலை என்ற பத்தியில் "எரிகிறது", "எரியவில்லை", "தெரியவில்லை" என்ற மூன்றில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். ஒரு இடத்தில் "எரியலை", இன்னொரு இடத்தில் "அவுட்" என்று எழுதினால் பிளின்ட் அட்டை கதைதான். ஆதாரம் என்பதில் நீங்களே பார்த்ததா, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதா என்று குறிக்கவும். நாளை ஆண்டு-மாதம்-தேதி என்ற வரிசையில் எழுதுங்கள். பைலைச் சேமிக்கும்போது சிஎஸ்வி யுடிஎஃப்-8 வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண சிஎஸ்வி என்றால் தமிழ் எழுத்துக்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

இப்போது கியூஜிஐஎஸ் திறக்கவும். இடப்புறம் உள்ள பிரவுசர் கட்டத்தில் எக்ஸ்ஒய்இஸட் டைல்ஸ் என்பதை விரித்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மீது டபுள் கிளிக் செய்தால் உலக வரைபடம் வரும். அடுத்து லேயர் மெனுவில் ஆட் லேயர், அதில் ஆட் டிலிமிடட் டெக்ஸ்ட் லேயர். உங்கள் பைலைக் காட்டுங்கள். எக்ஸ் என்பதற்குத் தீர்க்க, ஒய் என்பதற்கு அட்ச என்று கொடுக்க வேண்டும். போனில் அட்சரேகை முதலில் வந்ததால் பலர் இங்கே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மாற்றினால் சென்னைத் தெருவிளக்குகள் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே கடலில் போய் எரியும்! புள்ளிகளைக் காணவில்லை என்றால் முதலில் அங்கே தேடுங்கள். ஜியோமெட்ரி சிஆர்எஸ் என்ற இடத்தில் ஈபிஎஸ்ஜி 4326 இருக்கட்டும். ஆட் கொடுத்ததும் உங்கள் தெரு திரையில் விழும்.

லேயர் பெயரில் டபுள் கிளிக் செய்து சிம்பாலஜி பகுதிக்குச் செல்லவும். மேலே உள்ள சிங்கிள் சிம்பல் என்பதைக் கேட்டகரைஸ்டு என்று மாற்றி, வேல்யூ கட்டத்தில் நிலை என்பதைத் தேர்ந்தெடுத்து, கீழே கிளாசிஃபை அழுத்துங்கள். மூன்று நிலைக்கும் மூன்று நிறம் கிடைக்கும். கூடவே ஆல் அதர் வேல்யூஸ் என்று நான்காவதாக ஒன்று வரும். அதை நீக்கிவிடாதீர்கள். விட்டுப்போன கட்டங்கள் அதில்தான் மாட்டும்; எழுத்துப் பிழை இருந்தால் அது தனி வகையாகப் பட்டியலில் வரும்.

எரியாதவற்றை மட்டும் பார்க்க, லேயர் மீது ரைட் கிளிக் செய்து ஃபில்டர் தேர்ந்தெடுத்து, "நிலை" = 'எரியவில்லை' என்று டைப் செய்யவும். பத்தியின் பெயருக்கு இரட்டை மேற்கோள், உள்ளே உள்ள மதிப்புக்கு ஒற்றை மேற்கோள். வேலை முடிந்ததும் இந்த ஃபில்டரை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

தூரம் கணக்கிட வேண்டுமானால் ஒரு படி கூடுதல். 4326 முறையில் அளவு டிகிரியில் இருக்கும். 50 மீட்டர் என்று நினைத்து பஃபர் கருவியில் 50 கொடுத்தால் அது 50 டிகிரி. இந்தியாவையே தாண்டி வட்டம் போடும். அதனால் பிராசசிங் டூல்பாக்ஸில் ரீபுராஜெக்ட் லேயர் மூலம் மீட்டர் முறைக்கு மாற்ற வேண்டும். சென்னை, மதுரை, சேலம் மற்றும் இலங்கைக்கு ஈபிஎஸ்ஜி 32644. 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே உள்ள கோவை, திருப்பூர், ஈரோடு, நெல்லைக்கு 32643. சிங்கப்பூர் வாசகர்களுக்கு 32648.

கடைசியாக, சிஎஸ்வியிலிருந்து வந்த லேயரில் நேரடியாகத் திருத்த முடியாது. லேயர் மீது ரைட் கிளிக், எக்ஸ்போர்ட், சேவ் ஃபீச்சர்ஸ் ஆஸ் சென்று ஜியோபேக்கேஜ் வகையில் சேமியுங்கள். பழைய ஷேப்ஃபைல் வகை வேண்டாம். அதில் பத்தியின் பெயர் 10 பைட்டுக்குள் இருக்க வேண்டும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் என்பதால் "ஆதாரம்" நடுவிலேயே வெட்டுப்படும். புதிய லேயரில் பென்சில் ஐகானைக் கிளிக் செய்து, சரியான கம்பங்களின் நிலையையும் நாளையும் மாற்றிக்கொண்டே போகலாம். முடித்ததும் பென்சிலை மீண்டும் கிளிக் செய்து, சேமிக்கவா என்று கேட்கும்போது சேவ் கொடுங்கள். மேலே உள்ள புராஜெக்ட் சேவ் பட்டன் வரைபடத்தின் அமைப்பை மட்டுமே சேமிக்கும். லேயரில் செய்த திருத்தங்கள் அதில் சேராது.